டீச்சர் பதில்கள்: சூடு ஆறாத கட்டில்

போன மாதம் ஒரு வாசகி, "அமெரிக்காவில் மூன்று மாதம் இருந்தீர்களே, என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். பிட்ஸ்பர்க்கில் தமிழர் எல்லாரும் போகிற பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு நானும் போனேன். ஆனால் மனசில் நின்றது ஹில் டிஸ்ட்ரிக்ட் என்கிற மேட்டுத் தெருக்கள்தான். எஃகு ஆலைகளை நம்பி வந்த கறுப்பினத்தவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. அவர்கள் வாயால் சொல்லிப் பதிவான கதைகளை ஊர் திரும்பியும் படித்துக்கொண்டே இருக்கிறேன் என்று நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. அதனால் பத்தாம் வகுப்பு மார்க், மருமகள் பிரச்சினை எல்லாம் அடுத்த இதழுக்கு.

*நம்ம சேலம் ஸ்டீல் பிளான்ட்டில் ரோலிங் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பிட்ஸ்பர்க் ஆலைகளில் கறுப்பினத் தொழிலாளிகளுக்கு எந்த வேலை கொடுத்தார்கள்? சம வேலைதானா?*
(ஒரு வாசகர், சூரமங்கலம்)

ஐயா, நீங்கள் கேட்டவுடனே எனக்கு ஞாபகம் வந்தது ஒரு செருப்பு. அடியில் கட்டை வைத்த செருப்பு. அதற்கு வருகிறேன்.

நம்ம ஆலை 1981-ல் ஓட ஆரம்பித்தபோது தகடு உருட்டுவதுதான் வேலை. கோக் அடுப்பு இங்கே கிடையாது. அதனால் மற்றவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிலக்கரியைக் குறுகலான செங்கல் அறைக்குள் அடைத்து, காற்றுப் படாமல் பதினாறு, பதினெட்டு மணி நேரம் வேகவைத்தால் மிஞ்சுவது கோக். இரும்பு உருக்கும் ஊது உலைக்கு அதுதான் தீனி. இந்த அறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டி, உச்சியில் மூடி வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து கரி கொட்டி, திரும்ப அடைப்பதற்கு ஆள் அந்த உச்சியில்தான் நிற்க வேண்டும். கீழே நெருப்பு, மூடி இடுக்கில் மஞ்சள் புகை. சாதாரணச் செருப்பு போட்டால் உள்ளங்கால் வெந்துவிடும் என்றுதான் கட்டை வைத்த செருப்பு.

அந்த உச்சி வேலைக்கு அதிகமும் கறுப்பினத்தவரைத்தான் போட்டார்கள். அவர்கள் உடம்பு சூடு தாங்கும் என்று மேஸ்திரிமார் ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். (நம்ம ஊரில் எந்தெந்த வேலைக்கு எந்தெந்த உடம்பு தாங்கும் என்று சொல்லுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.) 1971-ல் பிட்ஸ்பர்க் வட்டார எஃகுத் தொழிலாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. கோக் அடுப்பின் உச்சியிலேயே ஐந்து வருடத்துக்கு மேல் முழு நேரம் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு மற்ற எஃகுத் தொழிலாளிகளைவிடப் பத்து மடங்கு என்று அதில் கண்டார்கள். ஆக, கேடு உடம்பில் இல்லை, நின்ற இடத்தில் இருந்தது. 1976-ல்தான் அந்தப் புகைக்கு அமெரிக்க அரசு வரம்பு போட்டது.

"வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிப் போயிருக்கலாமே?" என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம். சீனியாரிட்டி ஆலை முழுக்க ஒன்றாக இல்லை, அந்தந்தப் பிரிவுக்குள் மட்டும்தான். கோக் அடுப்பில் இருபது வருடம் கழித்தவர் உருட்டாலைக்குப் போனால், நேற்று வந்த பையனுக்கும் கீழே கடைசி ஆள். ஆட்குறைப்பு வந்தால் முதல் ஆள். சட்டத்தில் எங்கேயும் நிறம் எழுதியிருக்காது, ஆனால் பூட்டு பூட்டியபடியே இருக்கும். 1974-ல் ஒன்பது பெரிய எஃகு கம்பெனிகளும் தொழிற்சங்கமும் நீதிமன்றத்தில் ஒப்பந்தம் போட்டு, ஆலை முழுமைக்கும் ஒரே சீனியாரிட்டி என்று ஆக்கின. நிலுவையாகச் சுமார் 40,000 பேருக்கு மூன்று கோடி டாலருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கினார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு எண்ணூறு டாலர்கூட வராது. அதற்குள் ஆலைகள் மூடுகிற காலமும் வந்துவிட்டது.

வேலை நேரம் கேட்டால் இன்னும் வயிறு எரியும். 1923 வரைக்கும் எஃகு ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் சாதாரணம். பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கு மாறுகிற நாளில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இருபத்து நான்கு மணி நேரம் ஒரே மூச்சில் நிற்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நீண்ட முறை'.

*அத்தனை பேர் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? எங்கே தங்கினார்கள்?*
(ஒரு குடும்பத் தலைவி, பொன்னம்மாப்பேட்டை)

தெற்கு மாநிலங்களில் விளைச்சலில் பங்கு என்று பருத்திக் காட்டை வாரத்துக்கு உழுதார்கள். கணக்கு முடிக்கும்போது எப்போதும் கடன்தான் மிஞ்சும். அதோடு காய்ப்புழு மாதிரி ஒரு வண்டு, பருத்திக் காயைத் துளைத்து ஊர் ஊராக நாசம் பண்ணிக்கொண்டு வந்தது. ஓட்டு கிடையாது, எதிர்த்துப் பேசினால் உயிர் கிடையாது. 1914-ல் யுத்தம் வந்து ஐரோப்பாவிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வடக்கு ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ரயில் ஏறினார்கள். 1910-ல் பிட்ஸ்பர்க்கில் 25,000 சொச்சம் இருந்த கறுப்பின மக்கள் 1930-ல் 55,000 பேர். நாடு முழுவதும் பார்த்தால் 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டுக் கிளம்பினார்கள்.

தங்கிய கதைதான் இந்த வாரத் தலைப்பு. 1918-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் புதிதாக வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதினார். வாடகை அறைகளில் ஒரே கட்டிலுக்கு இரண்டு வாடகை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர், பகல் ஷிப்டுக்கு எழுந்து போகிறவரின் இடத்திலேயே படுப்பார். படுக்கையில் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள். நகரம் முழுக்க வீடு காலியாக இருந்தாலும் அவர்களுக்கு எந்தத் தெருவில் தருவார்கள் என்பது எழுதாத கணக்கு. நீங்கள் வாடகைக்கு வீடு தேடினவர் என்றால் உங்களுக்கே புரியும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்ட பிறகுதானே சாவியை எடுக்கிறார்கள்.

*கருங்காலிகளாகப் போனவர்கள்தானே அவர்கள்? 1919 ஸ்ட்ரைக்கை உடைத்தது யார் என்று தொழிற்சங்க வகுப்பில் படித்திருக்கிறேன்.*
(ஒரு தோழர், செவ்வாய்ப்பேட்டை)

தோழரே, பாதி சரி. 1919 செப்டம்பரில் சுமார் 3,50,000 எஃகுத் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். முதலாளிகள் கறுப்பினத்தவரைக் கொண்டுவந்து உள்ளே விட்டதும் உண்மை. ஸ்ட்ரைக் என்றே சொல்லாமல் தெற்கிலிருந்து ஏற்றி வந்ததும் உண்டு. உங்கள் வகுப்பில் சொல்லாமல் விட்டது, அந்தச் சங்கங்களில் பல அவர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை என்பது. முதியவர்கள் சொன்ன பதிவுகளில் இந்த இடத்தில் ஒரு பிடிவாதம் தெரியும். வெட்கப்பட மாட்டார்கள். கதவைச் சாத்தியவர்கள், வாசலில் நிற்கவில்லையே என்று எங்களைக் கேட்கலாமா என்பார்கள். 1936-க்குப் பிறகு எஃகுத் தொழிலாளர் சங்கத்தைப் புதிதாகக் கட்டியபோது, கறுப்பின அமைப்பாளர்களையும் போட்டு வீடு வீடாகப் போனார்கள். அப்போது இவர்களும் சேர்ந்தார்கள். இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

*பழைய புத்தகங்களில் 'நீக்ரோ' என்று இருக்கிறது. எழுதலாமா?*
(ஒரு மாணவர், ஓமலூர்)

அந்தக் காலத்தில் அவர்கள் பத்திரிகைகளே அப்படி எழுதின. இப்போது அவர்கள் விரும்புவதில்லை. கறுப்பினத்தவர் என்று எழுதுங்கள்.

*நான் வரலாறு இரண்டாம் ஆண்டு. வயதானவர்கள் வருடத்தை மாற்றிச் சொல்கிறார்கள், மறக்கிறார்கள், பெருமைக்காகவும் பேசுகிறார்கள். வாய்மொழியை எப்படி வரலாறு என்று எடுத்துக்கொள்வது, டீச்சர்?*
(ஒரு மாணவி, ஆத்தூர்)

கண்ணு, முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தினேன், இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நீ கேட்டுவிட்டாய், உட்கார்.

வருடம் தப்புவது பெரிய விஷயமில்லை. சம்பளப் பட்டியலும் மக்கள்தொகைக் கணக்கும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு. கேட்கிற ஆள் யார் என்பதைப் பார்த்துத்தான் சொல்கிறவர் வாயைத் திறக்கிறார்.

அமெரிக்காவில் 1936-லிருந்து 1938 வரை, வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து, அடிமையாகப் பிறந்து இன்னும் உயிரோடு இருந்த முதியவர்களைத் தேடி அனுப்பினார்கள். 2,300-க்கும் அதிகமானவர்கள் சொன்னது கிடைத்தது. போய்க் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சார்ல்ஸ்டன் நகரத்தில் சூசன் ஹாம்லின் என்று நூறு வயது தாண்டிய மூதாட்டி. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி போய்க் கேட்டார். எஜமான் நியாயமானவர், நன்றாக வைத்திருந்தார் என்று மூதாட்டி சொன்னார். ஒரு கறுப்பின எழுத்தாளரும் தனியாக அதே மூதாட்டியிடம் போனார். சவுக்கடி வந்தது, தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்றது வந்தது, அழுகைச் சத்தம் வந்தது. இரண்டும் பதிவாகி இருக்கிறது. முதல் பதிவு பொய், இரண்டாவதுதான் மெய் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். முதல் பதிவிலும் ஒரு உண்மை இருக்கிறது. 1937-லும் வெள்ளைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அது தெற்கின் வரலாறு இல்லையா?

என் வீட்டுக் கதை சொல்கிறேன். நாங்கள் அம்மாப்பேட்டை தறிக்காரர்கள். என் அத்தை ஏழு வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவர். காலையில் பாவடி மைதானத்தில் பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்டும்போது மழை வந்தால் தெருவே ஓடி வந்து சுருட்டும் என்பதை அவர் சொன்னால் நமக்கே கை பரபரக்கும். கல்லூரியில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் ஒரு கேமராவும் விளக்கும் கொண்டுவந்து, அத்தைக்குப் புதுப் புடவை கட்டவைத்து, "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டான். "நல்லா இருந்தோம் சாமி. பாவு குடுத்த முதலாளி தங்கமானவர், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார்." நாற்பது நிமிடமும் இதேதான். பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த நானும் அதைத்தான் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து நானும் அத்தையும் சமையல்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். என் கையில் நோட்டு இல்லை. "அண்ணனுங்க ரெண்டு பேரும் எத்தனாவது வரை படிச்சாங்க அத்தை?" என்று சும்மா கேட்டேன். உரித்த மொச்சையை விரலால் தள்ளித் தள்ளிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கூலியில் கழிந்தபாடில்லை. பெரிய மகனை ஐந்தாவதில் நிறுத்தினார்கள். சின்னவன் அழுதான் என்று ஒரு வருடம் விட்டு அவனையும் தறிக்குழிக்குள் இறக்கினார்கள். அந்தத் தீபாவளிக்கும் முதலாளி துணி எடுத்துக் கொடுத்தார். அத்தை ஒரே ஆள்தான், மறதியும் இல்லை, பெருமையும் இல்லை. எங்கள் கேள்வி தப்பு. "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்பது கேள்வியே இல்லை, கல்யாண வீட்டில் "சாப்பிட்டாச்சா" என்பது மாதிரி. பதில் எப்போதோ தயார்.

*வாசகர் கடிதம் எழுதி உலகத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நீங்களே சொல்லுங்கள்.*
(ஒரு வாசகி, குகை)

அவரைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட் மக்கள் படித்த 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகைக்கு 1942 ஜனவரியில் கேன்சஸிலிருந்து ஜேம்ஸ் தாம்சன் என்ற இளைஞர் ஒரு கடிதம் போட்டார். விமான ஆலை ஒன்றின் கேண்டீனில் வேலை பார்த்தவர். யுத்தத்தில் வெற்றிக்கு அடையாளமாக எல்லாரும் 'வி' காட்டுகிறார்களே, நாம் இரண்டு 'வி' காட்டுவோம், ஒன்று வெளியே இருக்கிற எதிரியை வெல்ல, இன்னொன்று உள்நாட்டில் நம்மை மிதிப்பவர்களை வெல்ல என்றார். அடுத்த வாரமே பத்திரிகை அதைச் சின்னமாகப் போட்டு இயக்கம் ஆக்கியது. இந்தப் பத்திரிகையை ரயிலில் படுக்கை விரிக்கிற கறுப்பினச் சிப்பந்திகள் ஒளித்து எடுத்துப்போய்த் தெற்கு ஊர்களில் இறக்கினார்கள். கேலிக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

*எங்கள் தாத்தா ஊர் மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றினால் நந்தியும் சர்ச் கோபுரமும் தெரியும். பிட்ஸ்பர்க்கில் இடம் போனவர்கள் யாராவது உண்டா?*
(ஒரு வாசகர், கொளத்தூர்)

உண்டு, தண்ணீர் இல்லாமலே மூழ்கினவர்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட்டின் கீழ்ப்பகுதி பழுதடைந்த குடியிருப்பு என்று நகராட்சி முடிவு செய்து 1956-ல் இடிக்க ஆரம்பித்தது. சுமார் 8,000 பேர், நானூறுக்கும் மேற்பட்ட கடைகள். பெத்தேல் என்ற பெரிய தேவாலயத்தை 1957-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் வட்டமாக ஒரு விளையாட்டு அரங்கம் 1961-ல் திறந்தது. மேற்கொண்டு இடிக்க வந்தபோது மக்கள் ஒரு தெருமுனையில் பெரிய பலகை வைத்தார்கள். இதற்கு மேல் இடிப்பு கிடையாது என்று. அரங்கமும் ஐம்பது வருடம்தான் இருந்தது, அதையும் இடித்துவிட்டார்கள்.

என் அக்கா மகள் என்னை அந்தத் தெருமுனையில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனாள். எதிரில் பெரிய கார் நிறுத்தும் தார்த்தரை. புடவை கட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கையில் காய்கறிப் பையோடு வந்த ஒரு கறுப்பினப் பாட்டி வழி தவறிவிட்டாயா என்று கேட்டார். என் ஆங்கிலம் கரும்பலகை ஆங்கிலம். பழைய தெரு பார்க்க வந்தேன் என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டினார். அந்த வெள்ளைக் கார் நிற்கிற இடம் மீன் கடை. அதற்கு அடுத்து முடி வெட்டுகிறவர், சனிக்கிழமை திண்ணை நிறைய ஆள். விளக்குக் கம்பம் இருக்கிற இடத்தில் எங்கள் படிக்கட்டு. ஏழு படி, மூன்றாவது படி உடைந்திருக்கும். அந்த உடைந்த படியைச் சொல்லும்போது மட்டும், தாண்டுவதுபோல அவர் கால் கொஞ்சம் தூக்கியது.

சார்லஸ் 'டீனி' ஹாரிஸ் என்று 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார். இரண்டாவது முறை நிற்கச் சொல்ல மாட்டாராம். 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர். கல்யாணம், சலூன், பேஸ்பால், ஆலை கேட் என்று அவர் எடுத்த சுமார் 80,000 நெகட்டிவ்கள் இன்று அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த மீன் கடை அதில் எங்கோ இருக்கலாம். 2023-ல் அந்தப் பெத்தேல் தேவாலயத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் தாத்தா ஊரில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று சொல்ல இன்னும் யாராவது இருந்தால், ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.

*எங்கள் ஆயாவுக்கு 88 வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். போனில் பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். என்ன கேட்பது?*
(ஒரு இளைஞர், ஏற்காடு)

தம்பி, கேமரா வேண்டாம், குரல் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேஜையில் வைத்தால் தம்ளர் வைக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். மலைக்காற்று ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஒரு நாளில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். கூடை என்ன எடை, நிறுத்தது யார், தராசுப் பக்கம் உங்களை நிற்க விட்டார்களா என்று கேளுங்கள். கங்காணி எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? பிட்ஸ்பர்க் பதிவுகளில் இது திரும்பத் திரும்ப வரும். ரயில் சிப்பந்திகள் எல்லாரையும் முதலாளி பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்களாம். சொந்தப் பெயரை யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பதில் பாதிக் கதை இருக்கிறது. அட்டை கடித்தால் என்ன தடவினார்கள், பிள்ளைத்தாய்ச்சி எத்தனை மாதம் வரை கூடை சுமந்தாள், மதியச் சோறு எங்கே வைத்துச் சாப்பிட்டார்கள், தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். ஆயா நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை வெட்டிவிடாதீர்கள், அதுவும் பதிவுதான். வேலை செய்துகொண்டே பேச விடுங்கள், கீரை ஆய்ந்தாலும் சரி. உங்கள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், மகன் எதிரில் சில விஷயம் வராது. உங்கள் தங்கை தனியாக ஒரு நாள் கேட்கட்டும்.

"இதை யாருக்கும் சொல்லாதே" என்று ஆயா சொன்னால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள். என் அத்தையிடம் கேட்டுத்தான் அந்த இரண்டு அண்ணன்களையும் இங்கே எழுதினேன். மொச்சை உரித்த அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்றார்.